கூடுள்ள இரண்டும் கூடில்லாத ஒன்றும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் நான் வசிக்கிறேன். இரவு பத்து மணிக்குப் பிறகு அம்பிளிபயரைப் போட்டால் கீழ்வீட்டு அன்ரி மறுநாள் லிப்டில் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் சிரிக்கவும் மாட்டார். கிற்றாரைப்போல் சிறிதாக, நான்கு தந்தியோடு இருக்கும் மின் யுகலேலேயின் உடல் கூடாக இருக்க வேண்டுமா, முழுக்கட்டையாக இருக்க வேண்டுமா என்று நான் யோசிக்கத் தொடங்கியதற்கு இசை அறிவைவிட அந்தச் சிரிக்காத முகமே முதற்காரணம்.

இதுவரை மூன்று மின் யுகலேலேக்கள் என் கையில் இருந்திருக்கின்றன. முதலாவது, நைலோன் தந்தி பூட்டிய, வட்டத் துளையுள்ள கூட்டு உடல். இரண்டாவது, உருக்குத் தந்தி பூட்டிய முழுக்கட்டை. மூன்றாவது, கிற்றார்காரர் ஹொலோ பொடி என்று சொல்லும் வகை: மெல்லிய கூட்டு உடல், முகப்பில் வயலினில் இருப்பதுபோல இரண்டு எஃப் துளைகள், தந்தியின் அசைவை மின்சைகையாக மாற்றும் இரண்டு காந்தப் பிக்அப்கள், உருக்குத் தந்தி. மூன்றுமே டெனர் அளவு, அதாவது கழுத்தின் தலைப்பக்கத்து மேற்கட்டைக்கும், உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையில் தந்தியின் நீளம் ஏறத்தாழ 17 அங்குலம். சொப்ரானோ என்ற சிறிய அளவில் அது 13 அங்குலமளவில்தான் இருக்கும். உருக்குத் தந்தியை அத்தனை குறுகிய நீளத்தில் சரியான சுருதியில் நிறுத்துவது பெரும்பாடு என்பதால் டெனருக்குக் கீழே நான் போகவில்லை. எங்கள் வீட்டில் மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: சின்னக் கிற்றார்.

முதலாவதில் பிரிட்ஜில் தந்திகள் தங்கும் எலும்புத் துண்டுக்குக் கீழே ஒரு மெல்லிய பட்டை இருக்கிறது. அழுத்தம் மாறும்போது மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும் பியசோப் பொருளால் ஆனது அது. இந்த இயல்பை 1880இல் கண்டறிந்தவர்கள் கியூரி சகோதரர்கள். நைலோன் தந்தியைக் காந்தப் பிக்அப் கண்டுகொள்ளாது என்பதால் அங்கே பியசோவை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. என்னுடையதில் பற்றரியோ உள் அம்பிளிபயரோ கிடையாது. பட்டையிலிருந்து வரும் வயர் நேரே வெளிச்சொக்கெற்றுக்குப் போகிறது. வாங்கும்போது இதை ஒரு நல்ல குணமாகவே எண்ணினேன். பழுதாவதற்கு உள்ளே ஒன்றுமில்லை அல்லவா.

அந்த எண்ணம் உறவினர் ஒருவரின் பிறந்தநாள் விழாவில் கலைந்தது. ஒலியமைப்புக்கு வந்த தம்பி என் வயரை வாங்கி மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகினார். வந்த ஓசை தகர டப்பாவில் கடலை கொட்டியதுபோல் இருந்தது. காரணம் எளிதானது, ஆனால் அன்று அது எனக்குத் தெரியாது. பியசோப் பட்டை, மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு சிறிய கொள்ளளவி (கப்பாசிற்றர்) போல நடந்துகொள்ளும். அதை எந்தத் தடையுள்ள உள்ளீட்டில் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் தாழ்ந்த ஒலிகள் வெட்டுப்படும். பட்டையின் கொள்ளளவு ஒரு நானோபரட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மெகாஓம் தடையுள்ள கிற்றார் அம்பிளிபயரில் 160 ஹேர்ட்ஸுக்குக் கீழேதான் வெட்டு விழும். யுகலேலேயில் அதற்குக் கீழே சுரமே இல்லை என்பதால் இழப்பும் இல்லை. அதே பட்டையைப் பத்துக் கிலோஓம் தடையுள்ள மிக்ஸரில் செருகினால் அந்த எல்லை 16,000 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். அதாவது நாங்கள் சங்கீதம் என்று சொல்லும் எல்லாமே வெட்டுக்குள் அகப்பட்டுவிடும்.

தம்பி தன் அறிவுக்கு எட்டியதைச் செய்தார். பேஸைக் கூட்டினார், வொலியூமையும் கூட்டினார். அடுத்த கணம் மண்டபம் முழுவதும் ஒரு ஊளை எழுந்தது. மேசையில் இருந்த அனைவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் மகன் ஓடிவந்து கூட்டு உடலின் துளையை உள்ளங்கையால் பொத்தினான், ஊளை நின்றது. கையை எடுத்தான், மறுபடி எழுந்தது. "மாமா, இது உங்கட தந்தி இல்லை, உள்ளுக்க இருக்கிற காத்துத்தான் கத்துது" என்றான். பன்னிரண்டு வயதில் அவன் சொன்னது முற்றிலும் சரி. என் தந்திகளில் மிகத் தாழ்ந்தது மத்திய சி, 262 ஹேர்ட்ஸ். ஊளை அதற்கும் கீழே, ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸில் இருந்தது. அந்தக் கருவியில் யாரும் வாசிக்கவே முடியாத ஒரு சுரம் அது. கூட்டுக்குள் அடைபட்ட காற்று துளை வழியாக மூச்சுவிடும் இயல்பான அதிர்வெண் அங்கே இருந்தது. ஸ்பீக்கர் அதைத் தூண்ட, முகப்புப் பலகை அதிர, பட்டை அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்ப, வட்டம் மூடிவிட்டது. பின்னர் ஒரு சிறிய முன்அம்பிளிபயர்ப் பெட்டியை வாங்கி, அதில் 200 ஹேர்ட்ஸை மட்டும் ஒடுக்கிக்கொள்ளப் பழகினேன். ஆனால் அன்று வீடு திரும்பியது கோபத்தோடுதான்.

கோபத்தில் வாங்கியதே இரண்டாவது கருவி. முழுக்கட்டையில் காற்று இல்லை, ஆகவே ஊளை இல்லை என்ற கணக்கு. கணக்குப் பிழைக்கவும் இல்லை. எந்த மண்டபத்திலும், எந்த ஸ்பீக்கருக்கு முன்னாலும் அது ஒழுங்காக நின்றது. ஜேர்மனியின் ரீசா நிறுவனம் உடலே இல்லாத தடி போன்ற மின் யுகலேலேக்களைச் செய்து விற்றதும், கனடாவின் கொடின் நிறுவனம் மரத்தை உள்ளே அறை அறையாகக் குடைந்து, துளையில்லாமல் மேலே மூடி, நைலோன் தந்திக்கு மல்டியூக் என்ற கருவியைச் செய்ததும் இந்த ஊளைக்கு அஞ்சித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையே பிழைப்பாக உள்ளவருக்கு முழுக்கட்டையைவிட நல்ல தெரிவு இல்லை.

எனக்கு மேடை வருடத்தில் இரண்டோ மூன்றோ தரம். மற்ற நாட்களில் கட்டில் ஓரம். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது, முழுக்கட்டை யுகலேலே எத்தகைய பொருள் என்பது எனக்கு விளங்கியது. இருட்டில், வியர்வையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் அதை மடியில் வைத்து மீட்டினால் கேட்டது நுளம்பின் சத்தத்துக்குச் சற்றே மேலான ஒன்று, பக்கத்தில் இருந்த அம்மா, "வாசிக்கிறியோ, சும்மா தடவிக்கொண்டிருக்கிறியோ?" என்று கேட்டார். அந்த மாதம் முழுவதும் என் கையில் இருந்தது பழைய நைலோன் கருவிதான்.

மூன்றாவது 2023இல் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் அதைத் தன் கைப்பையோடு விமானத்துக்குள் கொண்டுவந்து, கட்டுநாயக்காவில் என்னிடம் தரும்போது, இனிமேல் பால்மாவும் சொக்லேற்றும் மட்டும் கேள் என்று சொல்லித் தந்தார். இந்தக் கருவியைப் பற்றித்தான் நான் எழுத விரும்பியது.

இதன் வடிவத்துக்கு முன்னோர் உண்டு. கிப்சன் நிறுவனம் 1936இல் ஈஎஸ்-150 என்ற கிற்றாரில், எஃப் துளையுள்ள கூட்டு உடலின் மேல் காந்தப் பிக்அப் ஒன்றைப் பொருத்தி விற்றது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்ரியன் அதைக் கொண்டுதான் கிற்றாரைத் தாளத்துக்குத் துணைநிற்கும் நிலையிலிருந்து தனித்து வாசிக்கும் நிலைக்கு உயர்த்தினார். ஊளைத் தொல்லை அவர்களுக்கும் இருந்தது. ஆகவே 1958இல் அதே நிறுவனம் ஈஎஸ்-335இல் மெல்லிய கூட்டு உடலின் நடுவே நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்தது. இரு பக்கமும் கூடு, நடுவில் கட்டை. இன்று சந்தையில் ஹொலோ பொடி என்ற பெயரோடு வரும் யுகலேலேக்களை எடுத்து எஃப் துளை வழியாகக் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், பல இந்த இரண்டாம் வகையாக இருக்கக் காணலாம். வாங்க நினைப்பவர் கட்டாயம் அப்படிப் பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒன்றல்ல. நடுக்கட்டை உள்ளது மேடைக்கு நல்லது, கட்டில் ஓரத்துக்கு அவ்வளவு நல்லதல்ல. என்னுடையதில் பிரிட்ஜுக்கு நேர் கீழே தீப்பெட்டி அளவு ஒரு துண்டு மட்டுமே இருக்கிறது, மற்றதெல்லாம் கூடு.

உருக்குத் தந்தி என்றவுடன் எல்லோரும் கேட்பது, யுகலேலேக்கு உருக்குத் தந்தியை எங்கே வாங்குவது என்பதைத்தான். கொழும்பில் அதற்கென்று அலைய வேண்டியதில்லை. யுகலேலேயின் ஜி, சி, இ, ஏ என்பவை கிற்றாரின் மெல்லிய நான்கு தந்திகளின் ஐந்தாம் பிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) சுரங்களே, நான்காம் தந்தியை என் முதற்கருவியில்போல உயர்ந்த ஜியாக அல்லாமல் தாழ்ந்த ஜியாக வைத்துக்கொண்டால். ஆகவே எந்தக் கடையிலும் கிடைக்கும் பத்தாம் இலக்க மின்கிற்றார் தந்திக் கட்டில் உள்ள, ஆயிரத்திலொரு அங்குலக் கணக்கில் 10, 13, 17, 26 தடிப்புள்ள நான்கையும் அப்படியே பூட்டிவிடலாம். கிற்றாரில் முதல் தந்தி ஏழரைக் கிலோவுக்குக் கிட்டிய இழுவிசையில் நிற்கும். அதே தந்தி என் டெனரில் ஏ சுருதிக்கு ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கும். கழுத்துக்கும் ஆபத்தில்லை, விரலுக்கும் வலியில்லை. மிஞ்சும் இரண்டு தடித்த தந்திகள் என் லாச்சியில் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றுக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்தவர் எனக்குத் தெரிவிக்கலாம்.

காந்தப் பிக்அப்பில் கவனிக்க வேண்டியது தந்திகளின் இடைவெளி. கிற்றாரில் பக்கத்துத் தந்திகள் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் விலகி நிற்கும். யுகலேலேயில் அதைவிட அகலமாகவே நிற்பது வழக்கம். கிற்றார் பிக்அப்பை அப்படியே குறுக்கிப் பொருத்திய மலிவான கருவிகளில் ஒரு தந்தி பிக்அப்பின் காந்த முளையின் மேலும் மற்றது இரண்டு முளைகளுக்கு நடுவிலும் விழ, நான்கும் நான்கு அளவில் ஒலிக்கும். என்னுடையதில் முளைகளுக்குப் பதிலாக நீள்தகடு இருக்கிறது. தந்தி எங்கே நின்றாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டு சுருள்கள் எதிரெதிராக இயங்கும் ஹம்பக்கர் வகை என்பதால் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலும் பெரும்பாலும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மண்தொடுப்பு ஒழுங்காக இல்லாத பழைய வீடுகள் நிறைந்த இந்த நகரத்தில் ஒற்றைச் சுருள் பிக்அப்பை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் பிரிட்ஜ் முகப்பில் ஒட்டப்படவில்லை. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. முதல்முறை எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றியபோது அது கையோடு வந்துவிட்டது. வீணை பழகிய வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சியல்ல என்றாலும், அது இருந்த இடத்தைக் குறித்துவைக்காதது மடத்தனம். அன்று பிற்பகல் முழுவதும் ஒரே வேலைதான்: பன்னிரண்டாம் பிரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் வரும் ஓசையையும், அதே பிரெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் ஓசையையும் ஒப்பிட்டு, அழுத்தியது கூடினால் பிரிட்ஜைப் பின்னால் தள்ளி, குறைந்தால் முன்னால் இழுத்து, ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருதி சேர்த்துப் பார்ப்பது. மொத்தத்தில் நகர்ந்தது இரண்டு மில்லிமீற்றர். அந்த இரண்டு மில்லிமீற்றருக்கு முன் ஏழாம் பிரெட்டுக்கு மேல் எந்தச் சுரக்கூட்டும் சேரவில்லை, பின்பு சேர்ந்தது. இப்போது பிரிட்ஜின் இரண்டு கால்களுக்கும் பக்கத்தில் பென்சில் கோடு போட்டிருக்கிறேன்.

உருக்குத் தந்தி எனக்குத் தந்த மிகப்பெரிய மகிழ்ச்சி கமகம். நைலோன் தந்தியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் சுருதி ஒரு கால் சுரம் ஏறுவதற்குள் தந்தி பலகையின் விளிம்புக்கு வந்துவிடும், ஏனெனில் அந்தப் பொருளே நெகிழ்ந்து கொடுத்துவிடுகிறது. உருக்கு நெகிழாது, சிறிய இழுப்புக்கே இழுவிசை ஏறும், அதோடு சுருதியும் ஏறும். அக்கா சிறுவயதில் வீணையில் வாசித்த தோடியின் காந்தாரத்தை என் டெனரின் இரண்டாம் தந்தியில் ஒரு மாதிரி அசைத்துப் பார்த்தேன். அக்கா கேட்டுவிட்டு, காந்தாரம் எங்கேயோ போய்விட்டுக் களைத்துத் திரும்பி வருகிறது என்றார். ஆனாலும் அது போய்வந்தது என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.

முழுக்கட்டையை விற்பதற்கு முந்திய மூன்று மாதங்கள் அதுவும் இதுவும் ஒரே அறையில் இருந்தன. இரண்டிலும் ஒரே தந்திக் கட்டு, இரண்டிலும் ஹம்பக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வயர் வழியாக நேரே கணினியில் பதிந்து, மருமகனை ஹெட்போனோடு உட்காரவைத்து, எது கூடு, எது கட்டை என்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் தடவை போட்டதும் அவன் ஹெட்போனைக் கழற்றி, "மாமா, ரெண்டும் ஒண்டுதானே, ஏன் திரும்பத் திரும்பப் போடுறீங்கள்?" என்று கேட்டான். எனக்கு அது சற்றுக் கசந்தது. விமானத்தில் வந்த கருவிக்காக வாதாட எனக்கும் வாய் துடித்தது. நீண்ட சுரங்களில் கூட்டு உடல் சற்று விரைவாகத் தணிகிறது என்று சுட்டிக்காட்டினேன். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான்.

ஆனால் அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. காந்தப் பிக்அப் தந்தியின் அசைவைத்தான் பெரும்பாலும் கேட்கிறது. கூட்டுக்குள் நடப்பது அதன் காதில் விழுவது கொஞ்சமே. பியசோவோ முகப்புப் பலகை மேல் நிற்கும் பிரிட்ஜிலிருந்து கேட்பதால் கூட்டின் குணத்தையும் குற்றத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே காந்தப் பிக்அப் உள்ள யுகலேலேயில் கூடு என்பது கேட்பவருக்கு அல்ல, வாசிப்பவருக்கு. நெஞ்சோடு அணைத்திருக்கும்போது முதுகுப் பலகை அதிர்வது விலா எலும்பில் தெரியும். அம்பிளிபயர் இல்லாமலே அறையின் மறுமூலையில் இருப்பவர் பாட்டை அடையாளம் காணும் அளவுக்கு ஓசை வரும். அன்ரிக்குக் கேட்கும் அளவுக்கு வராது. இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், நான் கொடுப்பேன். வீட்டில் வாசிக்காமல் மேடையில் மட்டும் வாசிப்பவர் கொடுக்கத் தேவையில்லை. என் முழுக்கட்டையை வாங்கியவர் அப்படிப்பட்டவர். அவருக்கு அது பொருந்தியிருக்கிறது.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலிலிருந்து ரயில் பாதையையும் மரீன் டிரைவையும் தாண்டி வரும் உப்புக்கு உருக்குத் தந்தி நான்கு கிழமைதான் தாக்குப்பிடிக்கும். அதன்பின் விரல் நுனியில் நான்கு கறுப்புக் கோடுகள் விழும். கமகத்துக்கு இழுத்தால் தந்தி அரத்தைப்போல் உராயும். வாசித்து முடித்ததும் பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்துவைத்தால் இரண்டு மாதம் வரை இழுக்கலாம். மரத்துக்குக் கவலை வேறு. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் என் அலுமாரிக்குள் இருக்கும் ஈரப்பதன்மானி எண்பதைத் தாண்டும். நைலோன் கருவியின் முகப்புப் பலகை மெல்ல வீங்கி, பிரிட்ஜையும் தூக்கி, பன்னிரண்டாம் பிரெட்டில் தந்தியின் உயரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடும். சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் ஒரு கிழமையில் இறங்கிவிடும். எஃப் துளைக் கருவி ஒட்டுப்பலகையால் ஆனது. ஒட்டுப்பலகையை இகழ்பவர்கள் கொழும்பில் ஒரு மழைக்காலத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அதன் உயரம் மூன்று வருடமாக மாறவே இல்லை.

வரும் மாதம் மருமகனின் பாடசாலையில் ஒரு நிகழ்ச்சி. எஃப் துளைக் கருவியைத் தான்தான் வாசிக்கப்போவதாகச் சொல்லிவிட்டான். அங்கேயுள்ள ஸ்பீக்கர்களின் பருமனை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஜாஸ்காரர்கள் செய்துவந்ததைப்போல எஃப் துளைகளை அடைத்துவிடலாமென்று ஒரு கறுப்பு ஸ்பொஞ்சைக் கத்தரிக்கோலால் துளையின் வடிவத்துக்கு வெட்டினேன். வலதுபக்கத் துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. இடதுபக்கத்தைச் சற்று மெலிதாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது. விரலால் அழுத்தியதும் அது உள்ளே விழுந்துவிட்டது. கருவியைக் கவிழ்த்து அரை மணித்தியாலம் குலுக்கினோம். பிக்அப் வயரில் எங்கோ சிக்கிக்கொண்டு இன்னும் அது உள்ளேதான் இருக்கிறது.